முகத்தைக் கழற்றிவிட்டு வரவும்

அந்தப் பள்ளியின் சிறப்பு வகுப்புக்குள் நுழையும் பெரியவர்கள், செருப்பை வெளியே விடுவதுபோல முகத்தையும் கழற்றி வாசலிலுள்ள ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆட்டிசம் உள்ள அப்பிள்ளைகளுக்கு முகங்களின் இரைச்சல் ஒத்துக்கொள்வதில்லை. ஆசிரியை சகாயமேரி தம் முகத்தால் ஆணியிலிருந்தபடியே பார்ப்பார், பேசுவார். உடல் வகுப்பில் நடமாடும். பிறரோடு பழகக் கற்பிக்கும் நேரத்தில் மட்டும் யாருடைய முகத்தையாவது எடுத்துவந்து மேசைமேல் சாய்த்து வைப்பார்.

அன்று யாழ்நிலாவுக்குப் பழகும் தேர்வு: நலம் விசாரித்து, வரும் பதிலை ஏற்றுப் பேச்சை முடிக்க வேண்டும். தேறினால் நான்காம் வகுப்பில் தன் தோழி பர்வீனுக்குப் பக்கத்தில் உட்காரலாம். தேறாவிட்டால் இன்னும் ஓராண்டு இங்கேதான். மதிப்பீட்டு அதிகாரி அருணகிரியின் உடல் நாற்காலியில் அமர்ந்தது. முகம் மேசைக்கு வந்தது.

“வணக்கம் சார். சாப்டீங்களா?” யாழ்நிலா முகத்தின் புருவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆச்சும்மா, ஆச்சு.”

‘சரிங்க சார்’ என்று முடிப்பதே பாக்கி. அதற்குள் நாற்காலியிலிருந்த வயிறு உரக்க உறுமியது.

“இல்ல, இன்னும் சாப்பிடல. முகம் பொய் சொல்லுது,” என்றாள் யாழ்நிலா.

“கண்ணு, சரிங்க சார்னு சொல்லி முடிச்சிடு,” சகாயமேரி ஆணியிலிருந்து கெஞ்சினார்.

“பொய்க்கு எப்படி டீச்சர் சரின்னு சொல்றது?”

ஒருவருக்கும் ஒரு பருக்கைகூடக் கொடுத்தறியாத யாழ்நிலா, தன் எலுமிச்சைச் சோற்று டப்பாவைத் திறந்து உடலின் முன் வைத்தாள்.

“ஐயோ வேணாம்மா, வயிறு ஃபுல்லா இருக்கு,” என்றது முகம்.

கைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. சோற்றை உருட்டி, மேசைவரை நீண்டு, முகத்துக்கு ஊட்டின. முகம் மறுத்துக்கொண்டே மென்றது.

“சொன்ன பதில ஏத்துக்கல. ஃபெயில்,” என்று வாய் நிறையச் சோற்றோடு அறிவித்தது. கைகளோ கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, தேர்ச்சி என்றெழுதிக் கையொப்பமிட்டன. விதிப்படி கையொப்பமே செல்லும்.

யாழ்நிலா காலி டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் பர்வீனிடம் போனாள்.

மறுநாள் காலை அருணகிரியின் மனைவி ஓர் ஒயர்கூடையோடு வந்தார். அதிலிருந்து கணவரின் முகத்தை எடுத்து, காலியாயிருந்த யாழ்நிலாவின் இடத்தில் வைத்து, மூக்கைத் துடைத்துவிட்டார்.

“பசிச்சாலும் வாயத் தொறந்து கேக்காது டீச்சர். நீங்கதான் பாத்துக்கணும்.”

“பழகிடும்மா. சார் எங்க?”

“அவர் எப்பவும்போல ஆபீசுக்குப் போயிட்டார்.”