ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள் ஒதெத்

"அப்பா, அம்மா உங்க காரைக் கேக்குறா" என்றாள் போனில் கிஸ்லேன்.

லெயோன்ஸுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. ஒதெத் அவரை விட்டுப் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு மகள் கல்யாணத்தில் ஒரு முறை, பேத்தியின் ஞானஸ்நானத்தில் ஒரு முறை, வேறு வேறு மேஜைகளில் உட்கார்ந்து சாப்பிட்டதோடு சரி.

"காரையா, என்னையா?"

"காரைத்தான். ஆனா நீங்கதான் ஓட்டணுமாம்."

ஒதெத்துக்குப் புற்றுநோய் எலும்புவரை போய்விட்டிருந்தது. ரொதேஸ் நகர ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டது நகரத்து ஃபிளாட்டை அல்ல. ஒப்ராக் மேட்டில், நஸ்பினால் கிராமத்துக்குப் பக்கத்தில், தான் பிறந்த வீட்டை. ஒதெத்தின் அண்ணன் இறந்தபின் பூட்டிக் கிடந்த அந்த வீட்டைக் கிஸ்லேன் திறந்து கூட்டி, நர்ஸ் வந்து போவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டாள். ஆனால் முந்தின வாரம் ஸ்கேன் எடுக்க ஆம்புலன்ஸில் போய் வந்தபோது ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒதெத் கத்தியிருக்கிறாள். இறக்கிப் படுக்க வைத்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி என்னை ஏத்துறதா இருந்தா உங்கப்பனோட தோ ஷவோ கார்ல ஏத்து. இல்லேன்னா இங்கயே விட்டுடு" என்றாளாம்.

"அந்தத் தகர டப்பாவுலயாம்மான்னு கேட்டேன். 'அது தகர டப்பா இல்லடி, தொட்டில்'ங்கிறா. டாக்டர்கூட மொதல்ல சிரிச்சார். அப்புறம், எங்கப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு, ஊசி போட்டு அனுப்புறேன், மெதுவா போங்கன்னுட்டார்."

"மெதுவாப் போறதுக்கு அதுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார் லெயோன்ஸ்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் பண்ணை பண்ணையாகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போட்டவர். மேட்டு ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'தொப்பி போட்ட காளை'. சாம்பல் நிறச் சிட்ரோயன் தோ ஷவோ வளைவில் தலை காட்டினால் போதும், "ஏ, மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணைக் கழுவி நிறுத்து!" என்று கத்துவார்கள். சேற்றிலும் பனியிலும் உழுத நிலத்திலும் அந்தக் கார் போகும். என்ஜின் தையல் மிஷின் அளவுதான். கியரை மாற்ற, டேஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குடைக்கைப்பிடி போன்ற கம்பியை இழுக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியை இறக்க முடியாது, பாதியாக மடித்து மேலே தூக்கிவிடலாம். கூரை கேன்வாஸ் துணி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொள்ளலாம். ஸ்பிரிங்குகள் அவ்வளவு மெத்து. வளைவில் கார் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருக்கும், ஆனால் உள்ளே இருப்பவரைத் தூக்கிப் போடாது.

மறுநாள் காலையிலிருந்து அவர் காரோடேயே இருந்தார். சீட்டைத் தாங்கும் ரப்பர் பட்டைகளில் தளர்ந்தவற்றை மாற்றினார். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கீழ் அறைக் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, புது விரிப்பு விரித்தார். சேன் ஷெலியில் இருக்கும் அவர் வீடு, ரொதேஸிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற வழியில்தான் இருந்தது. கட்டில் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நர்ஸுகள் ஒதெத்தைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். லெயோன்ஸ் தொப்பியைக் கழற்றினார். நன்றாக உடுத்துவாள், உரக்கச் சிரிப்பாள் என்று பெயரெடுத்த பெண், ஒரு போர்வைக்குள் காணாமல் போயிருந்தாள். கண் மட்டும் அதே கண்.

"என்ன பாக்குற? உன் பசுவுல எது இதைவிட மோசமா இருந்துச்சு?"

"பிராதால் பண்ணையில ஒண்ணு இருந்துச்சு" என்றார் அவர். "ஆனா அது உதைக்கும்."

"நானும் உதைப்பேன். பாத்து ஏத்து."

அவளைத் தூக்கியபோது கனமே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. முன் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே வைத்து, கால்களைப் போர்வையால் சுற்றினார். கிஸ்லேன் தன் காரில் பின்னால் வந்தாள். எந்த நேரத்திலும் நிறுத்த வேண்டியிருக்கும் என்று பயந்து, ஊர் தாண்டும்வரை ஹஸார்டு விளக்கை எரியவிட்டபடியே வந்தாள்.

கார் கிளம்பி முதல் பள்ளத்தில் இறங்கியபோது ஒதெத் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கார் குனிந்தது, நிமிர்ந்தது, அவ்வளவுதான். அவள் மூச்சை விட்டாள்.

"பாத்தியா" என்றாள். "நான் சொன்னேன்ல."

கார் எஸ்பாலியோன் ஊர்ப் பாலத்தில் ஏறியது. ஆற்றோரம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த வியலாவோடுதான் ஒதெத் போனாள். அந்த ஆளும் இறந்து நாலு வருஷம் ஆகிறது. கடையில் இப்போது செல்போன் விற்கிறார்கள்.

"அவன் கார்ல ஹீட்டர் இருந்துச்சு" என்றாள் ஒதெத் திடீரென்று.

"இதுலயும் இருக்கு."

"இதுல இருக்கிறது ஹீட்டரா? மாடு மூச்சு விட்ட மாதிரி இருக்கும்."

லெயோன்ஸ் சிரித்தார். இத்தனை வருஷமாக வியலாவின் பெயரை மனதுக்குள் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார். இன்று தேடிப் பார்த்தும் ஒரு திட்டுகூடக் கிடைக்கவில்லை.

"நல்லா வச்சுக்கிட்டானா?"

"நல்லாத்தான் வச்சுக்கிட்டான். ஆனா வேகமா ஓட்டுவான், லெயோன்ஸ். எங்க போனாலும் சீக்கிரமாப் போய்ச் சேந்துடுவோம். போய்ச் சேந்தப்புறம் என்ன பேசுறதுன்னு தெரியாது."

பாலம் தாண்டியதும் ஏற்றம். இரண்டாவது கியரில் என்ஜின் முனகிக்கொண்டே ஏறியது. பின்னால் கார்கள் வரிசை கட்டின. ஒரு இளைஞன் ஹாரனை அழுத்தியபடி முந்திப் போகும்போது ஏதோ கத்தினான்.

"என்ன சொல்றான்?"

"கல்யாண ஊர்வலமான்னு கேக்குறான்."

"ஆமான்னு சொல்லு" என்றாள் ஒதெத்.

சேன் ஷெலிக்குள் நுழைந்ததும் லெயோன்ஸ் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தார். அவர்கள் வாழ்ந்த வீடு வலது பக்கம், தேவாலயம் தாண்டி மூன்றாவது. கார் தானாகவே நின்றுவிடும்போல ஊர்ந்தது. ஒதெத் கதவுகளைப் பார்த்தாள், வாசல் பெஞ்சைப் பார்த்தாள்.

"ஜன்னலுக்குப் பச்சை அடிச்சிருக்க."

"அது ஆச்சு பத்து வருஷம்." கீழ் ஜன்னலைக் கையால் காட்டினார். "கீழ் ரூம்ல கட்டில் போட்டு வச்சிருக்கேன். வெயில் வர்ற பக்கமா. நர்ஸு இங்கயும் வருவாங்க. கேட்டுட்டேன்."

கார் நின்றேவிட்டது. பின்னால் கிஸ்லேனும் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"வேணாம், லெயோன்ஸ்."

"உனக்கு இஷ்டமில்லேன்னா..."

"இஷ்டம் இல்லாம இல்ல. உன்னை எனக்குத் தெரியும். நான் அந்த ரூம்ல செத்தா நீ மறுபடி அந்தக் கதவைத் திறக்கவே மாட்ட. உள்ள உருளைக்கிழங்கு மூட்டையைப் போட்டுப் பூட்டிடுவ. ஒருதரம் உன்னை அந்த வீட்டுல தனியா விட்டுட்டுப் போனவ நான். ரெண்டாவது தரமும் அதே வீட்டுலேர்ந்து போகச் சொல்றியா?" கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள். "போ. மேல போ."

அவர் குடைக்கம்பியை இழுத்துக் கியர் போட்டார். கியர் ஒரு முறை கரகரத்தது.

மேட்டில் காற்று வேறு. புல்வெளி முழுக்க வெள்ளை நார்சிஸ் பூத்துக் கிடந்தது. கூரையைச் சுருட்டச் சொன்னாள். குளிரும் என்றார். "குளிரட்டும், வேற என்ன ஆகிடப் போகுது" என்றாள். கோடைப் புல்லுக்கு ஏறும் மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. கொம்புகளில் காகிதப் பூ, கழுத்தில் பெரிய மணிகள். லெயோன்ஸ் என்ஜினை அணைத்துவிட்டார். பழுப்புப் பசுக்கள் காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு நடந்தன. ஒன்று தலையை உள்ளே நீட்டிப் போர்வையை முகர்ந்தது.

"உன் பேத்தியா இருக்கும்" என்றாள் ஒதெத்.

"கொள்ளுப் பேத்தி" என்றார் அவர்.

அதன் பிறகு அவள் தூங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தும் வராத தூக்கம். அவள் பிறந்த வீட்டு வாசல் வந்தது. லெயோன்ஸ் நிறுத்தவில்லை. நேராக ஏரிவரை போய், வளைத்துத் திரும்பி வந்து, மறுபடியும் வாசலைத் தாண்டிப் போனார். கிஸ்லேன் வாசலில் இறங்கி நின்று, இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் அவள் கையைக் கீழே போட்டுவிட்டாள். பெட்ரோல் முள் கீழே இறங்கும்வரை அவர் ஓட்டினார்.

மறுநாளிலிருந்து தினமும் மதியம் அவர் மேட்டுக்கு வந்தார். ஒதெத்தைத் தூக்கிக் காரில் வைத்து, ஏரிவரை ஒரு சுற்று. சில நாள் பேசுவார்கள், சில நாள் இல்லை. ஒரு நாள் அவள் தோமாப் பாலாடைக்கட்டி வேண்டும் என்று கேட்டு வாங்கி, நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். பிறகு தூக்கினாலே வலிக்கிற நாள் வந்தது. அப்போது அவர் காரை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "அணைச்சுடாத" என்பாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அன்று ஒரு வியாழக்கிழமை. காலையில் கிஸ்லேன் போன் செய்தாள். "அப்பா, உடனே வாங்க. மூச்சு மாறிடுச்சு. நான் வந்து உங்களைக் கூட்டிட்டு வரட்டுமா? என் கார்ல வந்தா சட்டுனு வந்துடலாம்."

"நீ அவகூட இரு. இதோ கிளம்பிட்டேன்."

கிளம்பத்தான் செய்தார். ஆனால் எதிர்காற்று பலமாக இருந்தது. தோ ஷவோ ஏற்றத்தில் இரண்டாவது கியரிலும் திணறி, முதல் கியருக்கு இறங்கியது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் காரைத் திட்டினார். ஸ்டியரிங்கை உள்ளங்கையால் குத்தினார். உடம்பை முன்னால் சாய்த்துக் கண்ணாடியில் நெற்றி முட்ட உட்கார்ந்திருந்தார், தான் தள்ளினால் அது போய்விடும் என்பது போல.

வாசலில் கிஸ்லேன் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் என்ஜினை அணைத்தார். இறங்கவில்லை.

"இப்பதான் அப்பா" என்றாள். "நீங்க... என் கார்ல வந்திருக்கலாம்ல."

அவர் கைகளை ஸ்டியரிங்கின் மேலேயே வைத்திருந்தார்.

அடக்கம் நஸ்பினாலில் நடந்தது. நல்ல மழை. எல்லோரும் கலைந்தபின் கிஸ்லேன் தன் கார்ச் சாவியைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேன்வாஸ் கூரையின் தையல் வழியாக ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. அவள் தள்ளி உட்காரவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் லெயோன்ஸ் கேட்டார். "கடைசியா ஏதாவது சொன்னாளா?"

கிஸ்லேன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். "கார் சத்தம் கேக்குதான்னு கேட்டா. ஜன்னலைத் திறக்கச் சொன்னா. திறந்து வச்சேன்."

"கேட்டுச்சா?"

"காத்து ரொம்ப அடிச்சுது அப்பா" என்றாள் அவள். "எனக்குக் கேக்கல. அம்மாவுக்குக் கேட்டுச்சோ என்னவோ, எனக்குத் தெரியாது."

அவர் தலையசைத்தார். வைப்பர் கண்ணாடியில் முனகியது. பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்துவிட்டிருந்தன. அவர் வண்டியை ஓரமாக ஒதுக்கி, அவற்றையெல்லாம் போகவிட்டார். எல்லாம் போய் முடிந்தபின்னும் வெகுநேரம் அங்கேயே இருந்தார்கள். கிஸ்லேனும் போகலாம் என்று சொல்லவில்லை.