கத்தாத கதவு

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வானொலியில் வரும் நேயர் நிகழ்ச்சியில் அன்றைய கேள்வி, "உங்கள் வாழ்க்கைத் துணைக்கு நீங்கள் செய்த பெரிய உதவி எது?" என்பது. ஒருவர் மனைவிக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். இன்னொருவர் வீட்டில் தினமும் தானே பாத்திரம் கழுவுவதாகச் சொன்னபோது, பின்னாலிருந்து ஒரு பெண் குரல் "சுத்தப் பொய்" என்றது. அதற்கடுத்துப் பேசியவர் பூட்டு ரிப்பேர் செய்யும் சாவிக்காரர்.

"என் சம்சாரம் படுத்த படுக்கையா இருந்தாம்மா. வலி தாங்கல. போதும் போதும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான் தலகாணிய வெச்சு அமுக்கி அனுப்பி வெச்சேன். அதான் நான் செஞ்ச உதவி."

அறிவிப்பாளர் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "அருமைங்கய்யா, கேக்கவே நெகிழ்ச்சியா இருக்கு! என்ன பாட்டு போடலாம்?"

"பாட்டெல்லாம் வேண்டாம்மா. என் பொண்ணு கேட்டுக்கிட்டு இருப்பா. அது போதும்."

ஆனாலும் பாட்டுப் போட்டார்கள்.

காவல் நிலையத்தில் ஏட்டு சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடினார். எதிரே இன்ஸ்பெக்டர் கையில் தண்ணீர் பாட்டிலுடன் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம சாவிக்காரர் குரல் மேடம். போன மாசம்தான் லாக்கப் பூட்ட சரி பண்ணிக் குடுத்தாரு."

"தெரியுது."

"பொண்டாட்டி போன துக்கத்துல ஏதோ உளர்றாரு. கேக்காத மாதிரி விட்டுடலாமே."

"ஊரே கேட்டிருக்கு. எனக்கு மட்டும் காது அடைச்சுப் போச்சுன்னு எழுதச் சொல்றீங்களா? இன்னைக்கு இரக்கம்னு இவர விட்டா, நாளைக்கு வீட்டுக்கு ஆசைப்பட்டு அம்மா மூஞ்சில தலகாணி வைக்கிறவனும் ரேடியோவுக்கு போன் போடுவான்."

"அப்ப புடிச்சு உள்ள போடலாங்கறீங்களா?"

அவள் பாட்டிலை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். ஆள் அனுப்ப வேண்டிய வேலை இருக்கவில்லை. சாவிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானே வந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே நல்ல வழியைச் சொன்னாள். "ஐயா, டாக்டர் சளி அடைச்சு செத்தாங்கன்னு சர்டிபிகேட் குடுத்துட்டாரு. உடம்பையும் எரிச்சாச்சு. மனசு சரியில்லாம அப்படிப் பேசிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அத எழுதிட்டு உங்கள வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"வேண்டாம்மா. கேஸ் போடுங்க. போட்டாத்தான் அவ நம்புவா."

"யாரு?"

அதற்குள் அவரே வாசலைப் பார்த்தார். பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் அவருடைய மகள், தலையில் போட்ட வேலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

"நம்பாதீங்க மேடம், பொய் சொல்றாரு" என்றாள். "அம்மாவுக்குத் தொண்டைல சளி கட்டும். யாராச்சும் முழிச்சிருந்து எடுத்து விடணும். அன்னைக்கு என் முறை. சித்த நேரம் சாயலாம்னு உள்ரூமுக்குப் போனவ அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். என்னாலதான் அம்மா செத்தாங்க. அத மறைக்க இவரு வீட்டுல சொல்லிப் பார்த்தாரு. நான் நம்பல. இப்ப ஊருக்கே சொல்றாரு."

"பாத்தீங்களா?" என்றார் சாவிக்காரர். "ராத்திரியில தூங்கறதே இல்ல. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க நம்பினா இவளும் நம்புவா."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் சொல்வதையே வைத்துக்கொண்டு விஷயத்தை அத்தோடு முடித்துவிடலாம். ஏட்டு கண்ணாலேயே அதைத்தான் கெஞ்சினார். அவள் பேனாவை மூடப்போனாள்.

"ஏம்மா," என்று சாவிக்காரர் மகளைக் கேட்டார், "உள்ரூம் கதவு எப்படித் தொறக்கும்?"

"அதுக்கென்ன இப்போ? கீச்சுன்னு கத்தும். ஊர்ப் பூட்டையெல்லாம் ரிப்பேர் பண்ற மனுஷன் வீட்டுக் கதவு ஊரக் கூட்டுதுன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்களே."

"அன்னைக்குக் காலைல?"

காலையில் எழுந்ததும் பதறிப்போய்க் கதவை இழுத்ததும், அது அவள் கையோடு வழுக்கிக்கொண்டு வந்ததும் அவளுக்கு இப்போது நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது.

"கத்தல" என்றாள்.

"கீலுக்கு எண்ணெய் போட்டேன். நீ தூங்கினதும் சாத்தி, வெளிய தாழ் போட்டேன். முடிஞ்சதும் தாழ எடுத்து விட்டேன். சளியும் இல்ல, உன் தூக்கமும் இல்ல. நான்தான்."

இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் கேட்டாள். "எண்ணெய் எப்ப போட்டீங்க?"

"சாயங்காலமே போட்டுட்டேன்."

கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே புரிந்தது. வலியைப் பார்க்கப் பொறுக்காமல் அந்த நேரத்தில் செய்துவிட்டார் என்று எழுத இருந்த கொஞ்ச இடமும் போய்விட்டது. ஏட்டு தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாவிக்காரர் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி இருந்தது. சிக்கிய பூட்டு திறந்துகொண்டபோது வாடிக்கைக்காரரைப் பார்ப்பதுபோல் மகளைப் பார்த்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நான் தூங்கற வரைக்கும் காத்திருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"நான் முழிச்சே இருந்திருந்தா செஞ்சிருப்பீங்களா?"

ஒரு பொய் போதும். ஏட்டுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் அந்தப் பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மகள் நம்ப வேண்டும் என்பதற்காகவே அன்று முழுவதும் உண்மையை மட்டும் பேசி வந்தவர் அவர்.

"எப்படிம்மா முடியும், நீ பாத்துக்கிட்டிருக்கும்போது?"

"அப்போ நான் தூங்கினதாலதான்" என்றாள் அவள்.

அவர் எழுந்தார். கருவிப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்.

மாலைக்குள் வழக்கு எழுதப்பட்டது. லாக்கப்பைப் பூட்டும்போது ஏட்டு திருப்பிய சாவி பாதியில் மாட்டிக்கொண்டது. "கொஞ்சம் தூக்கிப் புடிச்சுத் திருப்புங்க ஏட்டையா" என்று உள்ளேயிருந்து அவரே சொன்னார். பூட்டு சத்தமில்லாமல் விழுந்தது.

வெளியே பெஞ்சில் மகள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அவள் தோளைத் தொட்டு, எல்லாரிடமும் சொல்கிற பழக்கத்தில், "வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கும்மா" என்றாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.