வீட்டு எண் முப்பத்தேழு, நபர்கள் பூஜ்யம்

பிரைலா நகரில் ஸ்மரண்டா வெலிகு, மார்ச் பன்னிரண்டாம் தேதி முதல் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள். ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் பதினோரு ஆண்டுகளாக அவள் தனியாக வாழ்ந்துவந்த வீடு. மற்றது, துறைமுகத்துக்குப் போகும் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, தன் சிறு நிறுவனத்துக்காக மாதம் நாற்பது லேய் கொடுத்து அவள் வாடகைக்கு எடுத்திருந்த முகவரி. இரண்டுக்கும் நடுவே டிராமில் ஆறு நிறுத்தங்கள். முதல் இடத்தில் இருந்தவளை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்தவளை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்யும் நோய்க்குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில். காலை எட்டு மணிக்கு ஹெட்போனைக் காதில் மாட்டினால் மாலைவரை மனிதக் குரல்கள்தான். அவற்றில் ஒன்றுகூட அவளைப் பார்த்துப் பேசியதில்லை. அந்த வசந்தம் முதல் பதிவுசெய்த நிறுவனங்களுக்கு மட்டுமே வேலை தருவோம் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. நிறுவனத்துக்கு முகவரி வேண்டும். வீட்டையே முகவரியாகக் காட்டலாம். ஆனால் அக்கம்பக்கத்தார் சம்மதிக்க வேண்டும். குடியிருப்பின் நிர்வாகி கோஸ்தாகே படிவத்தை நீட்டி, "நாலே நாலு கையெழுத்து மேடம். பக்கத்துல ரெண்டு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அரைமணி நேர வேலை" என்றார்.

அவளுக்கு மூன்று வாரம் போயிற்று. பூசணிக்காய்ப் பலகாரம் சுட்டு, தட்டில் துணி மூடி, இடதுபக்க வீட்டுத் தோமாவின் கதவுக்கு முன்னால் நின்றாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உள்ளே கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. அவள் விரல் அழைப்புமணிக்கு ஒரு அங்குலம் தள்ளி நின்றது. மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் பயப்படவில்லை. பதினோரு வருடம் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட பிறகு "நீங்க யாரு?" என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தாள். திரும்பி வந்து, நான்கு நாள் அந்தப் பலகாரத்தைத் தானே தின்று தீர்த்தாள்.

பிறகுதான் நிறுவனங்களுக்கு முகவரி வாடகைக்கு விடும் ஒலிம்பியாவின் விளம்பரத்தைப் பார்த்தாள். நகரத்திலேயே மலிவான முகவரி. ஒரே அறை, சுவர் முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு தபால் அறைகள் கொண்ட மர அலமாரி, ஒரு மேஜை, ஒரு காபிப் பானை. ஓடு பதிப்பவர், தேன் விற்பவர், கல்யாணங்களுக்குப் புறா வாடகைக்கு விடுபவர் என்று எல்லோருடைய நிறுவனமும் அந்த அறையில்தான் இருந்தது.

"தபாலை வீட்டுக்கே அனுப்பணுமா கண்ணு? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வரும். பத்து லேய் கூட ஆகும்" என்றாள் ஒலிம்பியா.

"வேண்டாம். எனக்கு யாரு எழுதப் போறாங்க?"

"அப்ப நீயே வந்து எடுத்துக்கோ. ஒரு வாய் காபி குடிச்ச மாதிரியும் இருக்கும்."

ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் உரிமையாளர் இம்முகவரியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று ஒரு வரி இருந்தது. ஸ்மரண்டா அதை இரண்டுமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அதன்பின் அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஏப்ரலில் ஒலிம்பியா போன் செய்து, "தும்மிட்டுத் தனக்குத்தானே 'நூறு வயசு'ன்னு சொல்லிக்கிற டாக்டர் கதை சொன்னியே, நெனச்சு நெனச்சு சிரிச்சு வயிறு வலிக்குதுடி" என்றாள். அந்தக் கதையை ஸ்மரண்டா இரண்டு வருடமாக, சொல்ல ஆளில்லாமல், மனதுக்குள் வைத்திருந்தாள். மறுத்துப் பேசாமல் போனை வைத்தாள். மே மாதம் தோமாவுக்கென்று இன்னொருமுறை பலகாரம் சுட்டு, துணி எடுக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. மறுநாள் ஒலிம்பியா போனில், பட்டை கொஞ்சம் தூக்கல் என்றாள். உண்மைதான், தூக்கலாகத்தான் போட்டிருந்தாள். ஜூனில் வரி அதிகாரி ஒருவர் முகவரியைச் சோதிக்கப் போய், இரண்டு கோப்பை காபி குடித்துவிட்டு, "உரிமையாளர் நேரில் இருந்தார். இனிமையானவர்" என்று எழுதிவைத்தார்.

வீட்டிலிருந்தவளுக்கு, ஆள் நடந்தால் தானே எரியும் நடைவழி விளக்கு எரியாமல் போயிற்று. லிஃப்ட் அவள் ஏறுமுன்பே கதவை மூடிக்கொண்டது. செப்டம்பரில், கீழ்த்தளத்தில் மாதாமாதம் ஒட்டப்படும் பராமரிப்புக் கட்டணப் பட்டியலில் அவள் வீட்டுக்கு நேரே நபர்கள் பூஜ்யம் என்று இருந்தது. குப்பைக்கும் லிஃப்டுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு என்பதால் கட்டணம் குறைந்துவிட்டது. தண்ணீர் வந்தது, வெந்நீர்க் குழாய் சுட்டது, குறையென்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் இருந்த ஒன்று என்ற எண் தனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுபடி அந்த எண்ணாகிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு மத்தியானம் அந்த முகவரிக்குப் போனாள். பாதிப் படியிலேயே தன் குரல் கேட்டது. கண்ணாடிக் கடைக்காரர் ஏதோ சொல்ல, அவள் குரல் அவரைக் கிண்டல் செய்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். கதவுப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது. அதைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டுத் திறக்காமல் இறங்கினாள்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடியும். புதுப்பிக்காமல், நிறுவனத்தை வீட்டுக்கு மாற்றிவிட்டால் அவள் ஒரே இடத்தில் முழுதாக இருப்பாள். அதற்கு வேண்டியது பழைய நாலு கையெழுத்து. பிப்ரவரியில் ஒருநாள், பலகாரம் எதுவுமில்லாமல், படிவத்தோடு போய்த் தோமாவின் மணியை அழுத்தினாள். விரல் அதுவாகப் போய் அழுத்தியது போலிருந்தது.

தோமா கதவைத் திறந்து, பனிமூட்டத்தில் பார்ப்பவர்போல் கண்ணைச் சுருக்கினார். "யாருங்க?"

"பக்கத்து வீடு. முப்பத்தேழு."

"அதுல யாருமே இல்லையே. பட்டியல்லயே பூஜ்யம்னு போட்டிருக்கு." படிவத்தை வாங்கிப் பெயரைப் படித்தவர் முகம் மலர்ந்தது. "ஸ்மரண்டாவா! ஒலிம்பியா ரூம்ல இருக்கிற பொண்ணா? கண்ணாடி மாத்தப் போனேன், மேல ஒரே சிரிப்பு, என்னடான்னு ஏறிப் பார்த்தேன். என் வீட்டுக்காரி போனப்புறம் நான் வாய்விட்டுச் சிரிச்சதே அங்கதான். வியாழக்கிழமை தவறாமப் போயிடுவேன். நீங்க அவளுக்கு என்ன வேணும், அக்காவா? மூக்கு அப்படியே இருக்கு."

"அக்கா மாதிரிதான் அண்ணே."

பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார். "இதுல போட்டா அவ இங்க வந்துடுவாளா?"

"வந்துடுவா."

"வந்து, இங்கயும் அப்படிப் பேசுவாளா?"

ஸ்மரண்டா யோசித்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லண்ணே. இங்க வந்தா பேசமாட்டா."

தோமா பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. பிறகு அவள் அவர் கையிலிருந்து படிவத்தை மெதுவாக வாங்கி நான்காக மடித்துக்கொண்டாள்.

மார்ச்சில் ஒப்பந்தத்தை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாள். தபாலை வீட்டுக்கு அனுப்பவும் என்ற கட்டத்தில் இந்தமுறை குறியிட்டு, பத்து லேய் கூடக் கட்டினாள். முதல் வெள்ளிக்கிழமை, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய ஒரு துண்டுப் பூசணிப் பலகாரம் வந்தது. கூடவே ஸ்மரண்டாவின் கையெழுத்திலேயே ஒரு சீட்டு: பட்டையைக் குறைத்துவிட்டேன். தோமா அண்ணன் இரண்டு துண்டு சாப்பிட்டார். அதன்பின் எந்த வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. ஒருதரம் புறாக்காரர் சொன்ன வம்பு வந்தது, ஒருதரம் ஒரு வெள்ளை இறகு மட்டும்.

முப்பத்தேழாம் எண் பெட்டியில் தபால் விழுவதையும், அதை யாரோ எடுத்துப்போவதையும் கோஸ்தாகே கவனித்திருக்க வேண்டும். ஏப்ரல் பட்டியலில் நபர்கள் ஒன்று என்று இருந்தது. கட்டணம் பத்தொன்பது லேய் ஏறியது. ஸ்மரண்டா அந்த வாரமே கட்டிவிட்டாள். நடைவழி விளக்கு மட்டும் அதன்பிறகும் எரியவில்லை. அவள் சின்ன டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டாள்.