பொன்னுதுரையின் குரல் குடிவந்த வீடு

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருடம், ஆவணி மாதத்தில், பாடகர் பொன்னுதுரையின் குரல் அவர் தொண்டையை விட்டுக் கிளம்பி, மலாக்கா காஜா பெராங்கில் தையல்காரி பாக்கியலட்சுமியின் அடுப்படியில் குடியேறியது.

பொன்னுதுரை காஜா பெராங்கில் பிறந்தவர்தான். அவருடைய பாட்டுக்குழு மூவார், சிகாமட், சிரம்பான் என்று சுற்றியது. மலாக்காவில் மட்டும் கால் வைக்கவில்லை. சொந்த ஊரை மறந்த மனிதர் என்று இங்கே பலருக்குக் கோபம். கோபித்தவர்களே மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கட்டிக்கொண்டு, டயருக்குப் பதிலாக ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் முப்பது மைல் மிதித்துப்போய்க் கேட்டார்கள். அப்படித்தான் வைகாசியில் பாக்கியலட்சுமியின் தம்பி தியாகு ஆறு பேரோடு மூவாருக்குப் போனான். அனுமதி இலவசம். மூன்றாவது பாட்டில் கொட்டகைக் கதவுகளைச் சாத்தினார்கள். வெளியே லாரிகள் நின்றன. ஆண்களையெல்லாம் சயாமில் ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். கூரையைப் பிரித்துத் தப்பிய மருதமுத்து மட்டும் திரும்பி வந்தான்.

"அவருக்கு முன்னயே தெரியும்க்கா. கதவ சாத்துறப்ப கண்ண மூடிக்கிட்டாரு. பாட்ட நிறுத்தல. நம்ம ஊரு ஆளுங்க மாட்டக்கூடாதுன்னுதான் இங்க வராம இருந்திருக்காரு."

"நாமதான் தேடிக்கிட்டுப் போனோம்" என்றாள் பாக்கியலட்சுமி.

அவள் அழவில்லை. தையல் மிஷினை மூடிவிட்டுச் சிகாமட்டுக்கு நடந்தாள். பெண்களை லாரியில் ஏற்றுவதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அவள் கேட்டதில் மற்றவர்களுக்கு மிச்சம் இல்லாமல் போயிற்று. ஆர்மோனியக்காரர் விரல் வலிக்க வாசித்தார், ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த ஊரில் மிருதங்கம் ஊமையானது. கூட்டம் குறைந்தது, லாரிகள் காலியாகத் திரும்பின. சிரம்பானில் அவளும் லாரிக்காரர்களும் மட்டுமே இருந்தார்கள். பொன்னுதுரை மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தார்.

"நீங்க காஜா பெராங்தானே? பாடலன்னா என்னைய கொன்னுருப்பாங்கம்மா."

"பாடுங்கண்ணே. கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

அவர் பாடினார். அதோடு சரி. அவள் வீடு வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்பே அடுப்படியில் குரல் பாடத் தொடங்கிவிட்டதாகப் பக்கத்து வீட்டுச் சித்தி சொன்னாள்.

சண்டை முடிந்த பிறகும் தியாகு வரவில்லை. பொன்னுதுரை வந்தார். வாசலில் நின்று, சிலேட்டில் எழுதிக் குரலைத் திருப்பிக் கேட்டார். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

"தம்பி வந்து எடுத்துக் குடுப்பான். இருங்க."

அவர் எதிர்வீட்டில் குடியேறி இருபத்தாறு வருடம் இருந்தார். தலை நரைத்தது, பல் விழுந்தது. குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. தினமும் மாலையில் அது மூன்றாவது பாட்டுக்கு வரும்போது பாக்கியலட்சுமி எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்துவைப்பாள். எதிரே அவர் கண்ணை மூடிக்கொள்வார். தெருவில் மற்றவர்கள் அந்த நேரம் பார்த்து உலை வைப்பார்கள்.