தரையைத் தொடாத வளைவு

“அண்ணி, ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எங்க வெச்சீங்க? பதிவு ஆபீஸ் மூணு மணிக்கு மூடிருவாங்க.”

கொழுந்தன் சமையலறை வாசலில் நின்று கேட்டபோது அவள் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால்தான் சரி. கூடத்தில் அவளுடைய வீட்டுக்காரர் கிடத்தப்பட்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஊரிலிருக்கும் பாதி மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், வெறும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், இன்று வியாழக்கிழமை விடியும்போது போய்விட்டார். நாலு மணிக்கு வண்டி வரும்.

“எந்தச் சீட்டு?” என்றாள், தெரியாதவள்போல.

“ரத்தம் பாத்த சீட்டு. டாக்டர் எழுதிக் குடுத்ததோட அதையும் சேத்துக் கொண்டாரச் சொன்னாங்க. தினம் ஒண்ணுன்னு அஞ்சு இருக்கும்.”

“தேடி எடுத்துத் தர்றேன் தம்பி.”

தேடுவதற்கு என்ன இருக்கிறது? ஐந்தும் அவளுடைய கணக்கு நோட்டில் இருந்தன. நோட்டு அவளுடைய வேலைப் பையில் இருந்தது. பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. காலையிலிருந்து அந்தப் பக்கமே அவள் திரும்பவில்லை.

நாற்பத்திரண்டு வயதில் எதற்குக் கணக்கு நோட்டு என்று கேட்காதவர்கள் தெருவில் இல்லை. சோப்புக் கம்பெனியில் பதினாறு வருஷமாகப் பெட்டி அடுக்குகிறாள். பத்தாவது தேறினால் மேற்பார்வையாளர் ஆக்குகிறோம் என்றார்கள். மற்ற பாடமெல்லாம் முட்டி மோதித் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் மூன்று தடவை காலை வாரியது. சரி, மாலை வகுப்பில் சேர்ந்துவிடலாம் என்று போனால் அங்கே பாடம் நடத்தும் சாருக்கு மீசையே இப்போதுதான் அரும்புகிறது. அவருக்கு ஒரு பழக்கம். திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவரும் வாரக் குறிப்பு எழுதித் தர வேண்டும். என்ன புரிந்தது, என்ன புரியவில்லை, மனசில் என்ன பட்டது. சிவப்பு மையில் பதில் எழுதி மறுநாளே திருப்பித் தருவார்.

அவள் எழுதினாள் பாருங்கள், ஒளிவுமறைவே கிடையாது.

‘முதல் வாரம். x என்றால் தெரியாத எண் என்று சொன்னீர்கள். தெரியாததை வைத்துக்கொண்டு இத்தனை பேர் எதற்காக இப்படி அல்லாடுகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.’

‘மூன்றாம் வாரம். காரணிப்படுத்துவது வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து மறுபடி அடுக்குவதுபோலத்தான். என் வீட்டுக்காரர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.’

‘ஆறாம் வாரம். இருபடிச் சமன்பாட்டை வரைபடத்தில் போட்டால் பரவளையம் வருகிறது. கீழே இறங்கி, ஓர் இடத்தில் திரும்பி, இறங்கியதுபோலவே ஏறுகிறது. இவ்வளவு நியாயமான ஒன்றை நான் பார்த்ததில்லை.’

ஏழாம் வாரக் குறிப்பை அவள் ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து எழுதினாள்.

சேர்த்த அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். “ரத்தத்துல தட்டணு, அதான் பிளேட்லெட், குறையுது. இந்தக் காய்ச்சல்ல அப்படித்தான், எறங்கிட்டுத்தான் ஏறும். பாப்போம்.” சனிக்கிழமை ஒரு லட்சத்து இருபதாயிரம். ஞாயிறு தொண்ணூறாயிரம். திங்கள் எழுபதாயிரம். சீட்டு வர வர வாங்கிப் பையில் வைத்தாள். கை சும்மா இராமல் கிராஃப் தாளில் பத்தாயிரத்துக்கு ஒரு கட்டம் என்று புள்ளி வைத்தாள். பன்னிரண்டு, ஒன்பது, ஏழு. முதலில் மூன்று குறைந்தது, அப்புறம் இரண்டு. அடுத்து ஒன்றுதான் குறையும், அதற்கடுத்து குறையவே குறையாது, அப்புறம் ஏறும்! சமன்பாடு எழுதிப் பார்த்தாள். வளைவு செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் திரும்பியது. மூலம் கண்டுபிடிக்கப் பார்த்தால் மெய்யான மூலங்களே இல்லை என்று வந்தது.

“அப்படின்னா என்ன டீச்சரம்மா?” கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தவர் கேட்டார்.

“வளைவு கீழ்க்கோட்டைத் தொடாதுங்க. எவ்வளவு எறங்கினாலும் தரைக்கு மேலயே நின்னு திரும்பிரும்.”

“அட, நம்ம லிஃப்டு மாதிரி. கீழ போனது மேல வந்துதானே ஆகணும்.” சிரித்தார். ஈறு ஓரத்தில் கோடுபோல லேசாகச் சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். பல் தேய்த்ததில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை, கூடப் படிக்கிற பெண்ணிடம் நோட்டைக் கொடுத்தனுப்பினாள். எதைப் பற்றிய புள்ளிகள் என்று எழுதவில்லை. எழுதுவதற்கு வெட்கமாக இருந்தது. ‘மூன்று புள்ளி தெரிந்தால் மேற்கொண்டு வருவதைச் சொல்லிவிட முடியுமா சார்?’ என்று மட்டும் கேட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சீட்டு வந்தது. அறுபதாயிரம். அவள் புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்த அதே இடம், ஒரு மயிரிழை பிசகவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மாலையில் நோட்டும் திரும்பி வந்தது. ‘நிச்சயமாக முடியும்! பரவளையத்துக்கு மூன்று புள்ளிகள் போதும். மூலங்கள் பற்றி எழுதியது மிக நன்று. அச்சுகளுக்குப் பெயர் எழுதவில்லை, அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.’

அதே மாலைதான் டாக்டரும் வந்து, “பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திருங்கம்மா. ரத்தக் கசிவு ஆச்சுன்னா இங்க வசதி கிடையாது. உடனேன்னு சொல்லல, நீங்க முடிவு பண்ணுங்க” என்றார்.

கொழுந்தன் புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வண்டியோடு வந்து நின்றான். மூன்று மணி நேரப் பயணம், பாதி தூரம் குண்டும் குழியும். படுத்திருந்தவருக்கு எழுந்து உட்காரவே தெம்பில்லை. அவர் தம்பியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். “உன் கணக்குல என்ன வருது?” என்றார்.

“இன்னிக்கும் அறுபதுதான். நாளைக்கு எழுபது. ஏறுமுகம்.”

“டீச்சரம்மா சொல்லியாச்சு. வண்டியத் திருப்புடா.”

“அண்ணி, டாக்டர் சொல்றாரே?”

“ஒரு நாள் தம்பி. ஒரே ஒரு நாள் பொறுங்க. இவரை அந்த ரோட்டுல குலுக்கிக் கொண்டுபோறதுக்கு அது தேவலை.”

வண்டி திரும்பிப் போனது. பதினோரு மணிக்கு வந்த சீட்டில் முப்பதாயிரம் என்றிருந்தது. வேறு யார் சீட்டாவது மாறி வந்திருக்கும் என்று ஓடிப்போய்க் கேட்டாள். மாறவில்லை. மத்தியானம் மூக்கிலிருந்து வழிய ஆரம்பித்தது. இனி அசைக்கக்கூடாது என்றார் டாக்டர். துண்டு துண்டாக மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ‘உன் கணக்கு என்னாச்சு’ என்று ஒரு தடவை கேட்டிருந்தால்கூடத் தேவலை.

இப்போது வீடு நிறைய ஆட்கள். மகள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “அஞ்சு நாளும் அம்மா கண்ணு மூடல. ஒரு ஆளால என்னென்ன முடியுமோ அத்தனையும் அம்மா செஞ்சாங்க.” அது சமையலறைக்கும் கேட்டது. குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். குண்டூசியை நீக்கி நான்கு சீட்டுகளைக் கழற்றினாள். ஐந்தாவது, அந்த முப்பதாயிரம், மடித்த மடிப்பிலேயே அட்டைக்குள் கிடந்தது. அதைத் தொட முடியவில்லை. நோட்டை மூடி இடுப்போடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது வாசலில் செருப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார் கணக்கு சார், கூடவே வகுப்பிலிருந்து நாலைந்து பெண்கள்.

சார், பெரியவர்கள் இருக்கும் இடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைபோல விழித்தார். படுத்திருப்பவரைப் பார்த்தார், பிறகு அவள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். தெரிந்த ஒன்றைக் கண்ட நிம்மதி அவர் முகத்தில் வந்தது.

“வகுப்பப் பத்திக் கவலப்படாதீங்கம்மா. எப்ப முடியுதோ அப்ப வாங்க. திங்கக்கிழமை நீங்க போட்ட வரைபடத்த நான் எல்லாருக்கும் காட்டினேன். அவ்வளவு சுத்தம்.” நோட்டை எட்டிப் பார்த்தார். “அந்த எண்கள எங்கிருந்து எடுத்தீங்க? புத்தகத்துல இல்லையே.”

கொழுந்தன் சீட்டுக்காக அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தான்.

சொல்லிவிடலாம். இதோ படுத்திருக்கிறாரே, இவரிடமிருந்துதான் எடுத்தேன் என்று சொல்லிவிடலாம். நீங்கள் நிச்சயமாக முடியும் என்று சிவப்பு மையில் எழுதினீர்களே சார், மூன்று புள்ளி போதும் என்றீர்களே, அதை நம்பித்தான் வண்டியைத் திருப்பினேன் என்று இந்தக் கூடமே கேட்கக் கத்தலாம். கத்தினால் பாதி பாரம் இந்தப் பையன் தலையில் இறங்கும். வார்த்தை தொண்டைவரை வந்தே விட்டது. அவர் சட்டைப் பையில் அந்தச் சிவப்புப் பேனா செருகியிருந்தது. அவள் அச்சுகளுக்குப் பெயர் எழுதியிருந்தால், எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், இந்தப் பேனாவே ‘இதை நம்ப வேண்டாம்’ என்று எழுதியிருக்கும். அரை மதிப்பெண்ணோடு விட்டிருக்காது.

“நானா போட்டுக்கிட்டதுதான் சார்,” என்றாள்.

“பிரமாதம்மா,” என்றார் அவர். சொன்ன பிறகு அந்த இடத்துக்கு அந்த வார்த்தை பொருந்தவில்லை என்று உறைத்து, தலையைக் குனிந்துகொண்டு போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் நான்கு சீட்டுகளை நீட்டினாள். கொழுந்தன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

“புதன்கிழமை சீட்டு?”

அவள் நோட்டை நீட்டினாள். அவன் அட்டையைத் திறந்ததும் மடித்த சீட்டு வந்தது. கூடவே வரைபடமும் கண்ணில் பட்டது. கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தான், புள்ளிகளைப் பார்த்தான். அவன் விரல் புள்ளிக்கோட்டோடு போய், வியாழக்கிழமைக்கு மேலே ஏழில் நின்றது. அண்ணன் கேட்டதும் அண்ணி சொன்னதும் என்ன கணக்கு என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

திட்டுடா, என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள். என் அண்ணனைக் கொன்னுட்டியேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு.

அவன் நோட்டை மூடி அவளிடமே கொடுத்தான். “நான்தான் அண்ணி,” என்றான். “நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிருக்கணும். வண்டியத் திருப்பிருக்கக் கூடாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டுகளோடு வேகமாக இறங்கிப் போய்விட்டான்.

மணி நாலை நெருங்கியபோது அவள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரும்பு டிரங்குப் பெட்டிமேல் நோட்டை விரித்துவைத்து, பையிலிருந்து பென்சிலும் அளவுகோலும் எடுத்தாள். கிடைக்கோட்டின் கீழே ‘நாள்’ என்று எழுதினாள். செங்குத்துக்கோட்டின் பக்கத்தில் ‘என் வீட்டுக்காரருடைய தட்டணு, பத்தாயிரத்தில்’ என்று எழுதினாள். எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் கோணலாகப் போனது. புதன்கிழமைக்கு நேராக, மூன்றில், புள்ளி வைத்தாள்.

வெளியே வண்டி வந்து நின்று இஞ்சின் அணைந்தது. “அம்மா, தூக்கப் போறாங்க, வாம்மா!” என்று மகள் கதவைத் தட்டினாள்.

“இதோ வர்றேன்.”

வியாழக்கிழமைக்கு நேராக அளவுகோலைச் சரியாக நிறுத்தி, கீழ்க்கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தாள். அழிக்க முடியாதபடி அதை அழுத்தி வைத்துவிட்டு, பென்சிலைப் பையில் போட்டாள். பிறகு எழுந்து கதவைத் திறந்தாள்.