நடந்துகொண்டிருந்த பச்சைப் புள்ளி

"நேத்து எங்கப்பா நடந்த மேப் உங்க டேப்ல இருக்கும்ல சார்? அதைக் காட்டுங்க."

கேட்டே விட்டாள். கேட்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்ததை, அப்பாவை முன்னறையில் பெட்டிக்குள் படுக்கவைத்திருக்கும்போதே பட்டென்று கேட்டுவிட்டாள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் குந்தியிருந்த சித்தப்பா நிமிரவே இல்லை. நேற்று மாலை பிணவறை வாசலில் அவளைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னவர் அவர்தான். "ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்க பாப்பா. எது வேணாலும் கேளு. சண்டைகூடப் போடு. அந்த மேப்பை மட்டும் கேக்காத." ஏன் என்று அவள் கேட்டாள். "கேக்காதன்னா கேக்காத. படிச்ச திமிர இங்க காட்டாத."

"அதுக்கென்னம்மா, தாராளமா பாருங்க" என்றார் ஆபீஸ்காரர். கழுத்தில் அட்டை தொங்கியது. அவள் கேட்டதில் அவருக்கு நிம்மதிதான். கொண்டுவந்த காகிதத்தை மூன்று முறை அவள் பக்கம் நகர்த்தியும் அவள் பேனாவைத் தொடவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தவர் அவர்.

அந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவள் கைக்குத்தான் வரும். இந்தக் காகிதத்தில் நான்கே வரி. பணியாளர் மாலை நான்கு பத்து வரை நல்ல உடல்நிலையில் பணியாற்றினார். இருப்பிடப் பதிவே அதற்குச் சான்று. அதன்பின் பம்ப் அறையில் நேர்ந்த மரணத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. கீழே குடும்பத்தார் கையொப்பம்.

"டாக்டர் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குள்ள உயிர் போயிருக்கும்னு சொன்னார் சார்."

"அவர் குத்துமதிப்பாச் சொல்லியிருப்பார்மா. மனுஷன் தப்பாச் சொல்லலாம், மெஷின் சொல்லாதில்ல? ஒரு மணிக்கு மேல மட்டும் முப்பத்தொரு வீட்டுத் தண்ணி மீட்டர் ரீடிங் எடுத்திருக்கார் உங்கப்பா. நேரத்தோட இருக்கு, பாருங்க."

அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் மெல்லச் சொன்னாள். "நாலு மணி வரைக்கும் நடந்துட்டுதான் இருந்தாராம். படுத்தாராம், போயிட்டாராம். ஒரு நிமிஷம்கூட கஷ்டப்படலையாம்." காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னாள். சொல்லும்போது மட்டும் அவள் அழுகை நின்றது.

அப்பா தண்ணீர் மீட்டர் படிப்பவர்; சித்தப்பாவுக்கும் அதே கம்பெனியில் அதே வேலைதான். அப்பா இருபத்திரண்டு வருஷம் தெருத் தெருவாய் நடந்து, இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து எழுதியவர். நோட்டுப் போய்ச் செல்போன் வந்து இரண்டு வருஷம். நடமாட்டத்தைப் பதிகிற கம்பெனிச் செயலியை அதில் போடச் சொன்ன அன்று அவள் குதித்தாள். நாற்பது பக்க நிபந்தனையை உட்கார்ந்து படித்துவிட்டு, "நீங்க எங்க நிக்கிறீங்க, எங்க ஒண்ணுக்குப் போறீங்க, எல்லாம் அவனுக்குத் தெரியும்பா. கையெழுத்துப் போடாதீங்க" என்றாள்.

"எங்கிட்ட ஒளிக்க என்னம்மா இருக்கு? இந்தத் தொப்பையா? அதத்தான் ஊரே பாக்குதே."

அப்பா சிரித்தார். கையெழுத்தும் போட்டார். அடுத்த மாதமே, முட்டி வலியோடு தனியாகச் சுற்றுகிறாரே என்று, அவளே அவர் போனில் குடும்பத்தார் பார்க்கிற செயலி ஒன்றைப் போட்டாள்.

"ஏன்டி, கம்பெனி பாத்தா திருட்டுத்தனம், நீ பாத்தா பாசமா?"

"ஆமா" என்றாள். காலை ஏழு ஐம்பதுக்கு அவள் போன் அதிரும். 'அப்பா வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார்.' பக்கத்திலேயே நின்று தலை வாரிக்கொண்டிருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள்.

நேற்றும் அது வந்தது. கிளம்பும்போது அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே நின்றார். "வாயுதான். மத்தியானம் செத்த நேரம் படுத்தா சரியாயிடும்." அவள் வேலையிடத்தில் ஒன்று நாற்பதுக்குப் பார்த்தாள். புள்ளி நகர்ந்தது. இரண்டு இருபதுக்குப் பார்த்தாள். நகர்ந்தது. மூன்று ஐந்துக்குப் பார்த்தபோது புள்ளி மேட்டுத் தெருவில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. பார்த்தியா, வாயுதான் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இப்போது அதே பாதை ஆபீஸ்காரரின் திரையில் பச்சைக் கோடாய்க் கிடந்தது. விரலை வைத்துக்கொண்டே போனாள். காலை எட்டு. பள்ளிக்கூடத் தெரு. மேட்டுத் தெருவுக்கு ஏறும் இடத்தில் கோடு வலப்பக்கம் வளைந்து, சலவைக்கடை வழியாகச் சுற்றி, பத்து நிமிஷம் கழித்து மேலே சேர்ந்தது. அந்த வளைவு அவளுக்குத் தெரியும். நேர்வழி படிக்கட்டுச் சந்து. நாற்பத்தாறு படி. முட்டி தேய்ந்ததிலிருந்து மூன்று வருஷமாய் அப்பா அதில் கால் வைத்ததில்லை.

ஒரு மணி. பம்ப் அறை. ஒன்று பத்துக்குக் கோடு மறுபடி கிளம்பியது. மேட்டுத் தெருவுக்கு வந்தது. இந்த முறை வளையவில்லை. படிக்கட்டுச் சந்தில் நேராக ஏறியது. ஒரே மூச்சில், நடுவில் எங்கும் நிற்காமல்.

விரல் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. இரண்டரைக்குப் பெட்டிக்கடை வாசலில் ஆறு நிமிஷம். அப்பா பீடி சிகரெட் எதையும் தொட்டதில்லை. தினமும் தொடுகிறவர் சுவரோரம் குந்தியிருந்தார்.

சித்தப்பாவின் சட்டைப் பையில் போன் 'கீக்' என்று கத்தியது. சட்டென்று எழுந்து வெளி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். காலையிலிருந்து அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார். அண்ணன் போன துக்கம், ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவள் போய் அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அது அப்பா நடை இல்ல."

"மெதுவாப் பேசு."

"அப்பா படியேற மாட்டார். அவர் போனை எடுத்துட்டு நடந்தது நீங்க."

சித்தப்பா கழுவுதொட்டியைப் பார்த்தபடி நின்றார். குழாய் சொட்டியது. அதை இறுக்கி மூடினார். மறுபடி சொட்டியது.

"புள்ளி பத்து நிமிஷம் நின்னா போன் கத்தும், பன்னெண்டானா செகப்பாயிடும் பாப்பா" என்றார். "வாரத்துல மூணு செகப்பு விழுந்தா ஆளைத் தூக்கிடுவான். மனுஷன் உக்கார வேணாமா? அதான் முறை வெச்சுக்கிட்டோம். மத்தியானம் ஒருத்தன் எல்லார் போனையும் பையில போட்டுட்டு நடப்பான். மத்தவங்க பம்ப் ரூம்ல சாய்வாங்க. மேய்க்கிறதுன்னு சொல்லுவோம். அண்ணன் வெச்ச பேருதான்."

அவளுக்கு நினைவு வந்தது. இன்னிக்கு நான்தான் ஆடு மேச்சேன் என்று சில நாள் அப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவார். புதிதாய்ச் சேர்ந்த பசங்களைச் சொல்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

"நேத்து மத்தவங்கள்லாம் வேற ஏரியா. நாங்க ரெண்டு பேர்தான். நெஞ்சு எரியுதுடா, படுக்கிறேன்னார். போனை அவரேதான் எடுத்துக் குடுத்தார். ரெண்டு மணிக்கு எழுப்பியிருக்கணும். நல்லாத் தூங்கட்டும், நாமளே அவர் மீட்டரையும் முடிச்சுக் குடுத்துடலாம்னு…" குழாயை மறுபடி இறுக்கினார். "முடிச்சிட்டு வந்து எழுப்பினேன். 'அண்ணே, முப்பத்தொண்ணு முடிச்சாச்சு, டீ வாங்கிக் குடு'ன்னு காலைத் தட்டினேன்."

சித்தப்பா சாத்திய கதவைப் பார்த்தார்.

"இது வெளிய தெரிஞ்சா நான் மட்டும் போக மாட்டேன். எல்லாரையும் சேத்துத் தூக்கிடுவான்."

"நான் மூணு தடவ பாத்தேன் சித்தப்பா" என்றாள் அவள். "புள்ளி நகருதுன்னு போன் பண்ணல. பண்ணியிருந்தா நீங்க எடுத்திருப்பீங்கல்ல?"

சித்தப்பா தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"எடுத்திருப்பேன்."

"அப்பாகிட்டக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்து உலுக்க வேண்டும் போல ஒரு கணம் கை வந்தது. அதே கை, அவர் பையிலிருந்து அப்பாவின் போனை எடுத்தது. முழுதாய்ச் சார்ஜ் ஏறியிருந்தது. ராத்திரி எந்நேரமோ அதைச் சார்ஜில் போட்டிருக்கிறார்.

வராந்தாவில் காலடிகள். அப்பாவோடு வேலை பார்க்கும் நாலு பேர், ஒரு மணிச் சாப்பாட்டு வேளையில் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்கள். எப்போதும் தொப்பி போட்டிருக்கும் பெரியவர் அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தார். "எழுந்திருய்யா, செகப்பு விழப்போவுது" என்றார். பிறகு உடனே திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. பெட்டியை இறக்க ஆறு பேர் வேண்டும் என்று கீழே நின்ற வண்டிக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். நாலு பேர், சித்தப்பா, வண்டிக்காரர். கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் தொப்பிக்காரர் வாசலோரம் நின்று ஒரு துணிப்பையில் எல்லார் போனையும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க தூக்கலையா?" என்றான் ஒருவன் கிசுகிசுப்பாய்.

"இன்னிக்கு என் முறைடா."

"அஞ்சு பேர்னா திருப்பத்துல சாயும்ணே. நான் போறேன்."

"நீ போனாலும் அஞ்சுதானேடா, கூமுட்டை."

"நான் போறேன்" என்றார் சித்தப்பா. "எனக்கு அவரத் தூக்கற தகுதி கெடையாது."

"நீங்க தூக்குங்க" என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் தொப்பிக்காரர் கையிலிருந்து பையை வாங்கினாள். சித்தப்பாவின் போனுக்காகக் கை நீட்டினாள். கொடுத்தார். அப்பாவுடையதையும் உள்ளே போட்டு முடிச்சுப் போட்டாள். ஆறு போன். ஒரு சின்னக் குழந்தையின் கனம்.

"பாப்பா, அப்பா கெளம்புற நேரம்மா" என்றார் தொப்பிக்காரர்.

"தெரியும். எவ்வளவு நேரம் மேய்க்கணும்?"

தொப்பிக்காரர் மற்றவர்களைப் பார்த்தார்.

"காரியம் முடிஞ்சு நீங்க திரும்பற வரைக்கும் நடக்கிறேன். ஒரு செகப்பும் விழாது. ஆனா நாளைக்கு நீங்க எல்லாரும் இங்க வரணும். இந்தப் பையை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள்னு பேசணும். வருவீங்கல்ல?" தொப்பிக்காரர் தலையசைத்தார். அவள் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "எங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னிக்கு வேணாம்."

பெட்டியருகே போனாள். அப்பாவின் நெற்றியில் ஒற்றை முடி விழுந்து கிடந்தது. ஒதுக்கிவிட்டாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்தாள். "எங்கடி போற, இந்த நேரத்துல?"

"அப்பா வேலையா போறேன்மா."

என்ன புரிந்ததோ, அம்மாவின் பிடி தளர்ந்தது.

ஆபீஸ்காரர் காகிதத்தோடு வாசல்வரை வந்தார். "அம்மா, இந்தக் கையெழுத்து?"

"நாலு மணி வரைக்கும் எங்கப்பா நல்லா இருந்தார்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் பதிவுல இருக்கேம்மா."

"அவரப் பாத்தீங்களா?"

"நான் எப்படிம்மா…"

"நானும் பாக்கல. பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

படியிறங்கினாள். பின்னால் அறைக்குள் "தூக்குடா, ஒண்ணா, ஒண்ணா" என்ற குரல். தரை உரசியது. அம்மாவின் அலறல் மாடிப்படி முழுக்க இறங்கி வந்தது. முதல் திருப்பத்தில் நின்று மேலே பார்த்துச் சொன்னாள்.

"திருப்பத்துல மெதுவா இறக்குங்க. அவருக்கு முட்டி வலி."

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. அதைக் கடந்து இருபதடி போயிருப்பாள். கையிலிருந்த அவள் போன் அதிர்ந்தது.

'அப்பா வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார்.'

திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படிக்கட்டுச் சந்தைத் தாண்டி, சலவைக்கடைப் பக்கம் சுற்று வழியில் திரும்பினாள். மெதுவாகத்தான் நடந்தாள்.