அழிக்காத விடை

நாரின் ஊரில் எங்கள் பள்ளிக்கு மேலதிகாரிகள் வரும் நாளில் எனக்கென்று ஒரு தனி வேலை உண்டு. படிப்பு ஏறாத பிள்ளைகளை ஜிம்முக்கு ஓட்டிப்போய், பந்தைக் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். விளையாட்டு ஆசிரியரை வேறு எதற்கு வைத்திருக்கிறார்கள்? கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் வகுப்பில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்த கேள்விகளுக்குக் கை தூக்கும். அதிகாரிகளுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள்.

இந்த மார்ச்சில் ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஜூராவின் முறை. வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. பாடம் நன்றாக நடந்தால்தான் வேலை நிலைக்கும். அப்படிப்பட்டவள் காலையில் ஜிம் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, என் பிள்ளைங்கள அனுப்புங்க."

"உனக்கென்ன பைத்தியமா? ஹெட்மாஸ்டர் உன்ன வறுத்துடுவாரு."

"வறுக்கட்டும். புரிஞ்சவங்களுக்கு நான் எதுக்குண்ணே? முழிக்கிறவங்களுக்குத்தானே டீச்சர்."

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வேடிக்கை பார்க்கலாமென்று நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைமையாசிரியர் டோக்தோசுன் என்னை முறைத்தார். பக்கத்தில் பேனாவோடு மாவட்ட அதிகாரி அம்மாள்.

ஜூரா கரும்பலகைக்குக் கூப்பிட்டது யாரை? குமுஷாயை. ஜிம்மின் நிரந்தர உறுப்பினர் அந்தப் பெண். முக்கால் கிலோ மாவை அரைக்கால் கிலோப் பைகளில் போட்டால் எத்தனை பை? வகுப்பதற்குப் பதில் பெருக்கி, முப்பத்திரண்டில் மூன்று என்று எழுதினாள். முன் பெஞ்சு நூர்பெக் களுக்கென்று சிரித்தான். அவள் கை அழிப்பானைத் தேடியது. ஜூரா அதை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். இதுதான் சரின்னு வெச்சுக்குவோம். எத்தனை பை நிறைஞ்சிருக்கு?"

"ஒண்ணுகூட நிறையலக்கா."

"அப்ப மிச்ச மாவு எங்கடி போச்சு?"

குமுஷாய் யோசித்தாள். "நூர்பெக் தின்னுட்டான்."

வகுப்பே சிரித்தது, நூர்பெக் உட்பட. ஜூரா காத்திருந்தாள். அடுத்தவர் விடையை எடுத்துக் கொடுப்பது அவர் தட்டில் கை வைப்பதற்குச் சமம் என்பது அவள் வகுப்புச் சட்டம். அதனால் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் நாக்கு துடித்தது. டோக்தோசுன் இருமி இருமிப் பார்த்தார். அதிகாரிக்காகத் தயாரித்த வண்ணப் படங்கள் சுருட்டியபடியே கிடந்தன. நானாக இருந்தால் விடையைச் சொல்லித் தொலைத்து, வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன். அந்த நெஞ்சழுத்தம் எனக்கு வராது.

குமுஷாய் ஒரு நீளப் பட்டை வரைந்தாள். அதை மூன்று கால்களாகப் பிரித்தாள். ஒவ்வொரு காலையும் இரண்டாக்கினாள். விரலை வைத்து எண்ணி, "ஆறு" என்றாள்.

மணி அடித்தது. அதிகாரி எழுந்தார்.

"பாடத்திட்டத்துல பாதிகூட முடியலையே, ஜூரா. நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்கம்மா" என்றாள் ஜூரா. முகம் வெளுத்துவிட்டது.

குமுஷாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா, கொஞ்சம் உக்காருங்க. இன்னும் சரிபாக்கல."

டோக்தோசுனுக்கு மூச்சே நின்றிருக்கும். அந்த அம்மாளை உட்காரச் சொன்னவர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அதிகாரி உட்கார்ந்தார். மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழவில்லை. குமுஷாய் ஆறை அரைக்காலால் பெருக்கினாள், சுருக்கினாள். முக்கால் வந்தது. அதற்கப்புறம்தான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார்.

"இந்தப் பொண்ணு அடுத்த வருஷம் எட்டாவதா?"

"ஆமாங்க" என்றார் டோக்தோசுன்.

அதிகாரி ஜூராவைப் பார்த்தார். "அப்ப எட்டாவதுக்கும் நீயே எடு."